பாதி வாய்

“என்னிடம் மூடிக்கொண்ட வாய் உங்களிடம் எப்படித் திறந்தது?”

இந்த ஒரு கேள்விக்காகத்தான் டாக்டர் வைரவன் காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் பேருந்து ஏறி வந்திருந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

டாக்டர் ரெபேக்கா கை கழுவிக்கொண்டிருந்தார். குழாயை அடைத்துவிட்டுத் திரும்பினார்.

“யாரு வாய் சார்?”

“சேதுராமன். புடவைக் கடையில வேலை பார்க்கிற பையன். அவங்க அம்மா மீனாள் இங்க கூட்டிட்டு வந்தாங்களாம்.”

“சேதுவா? பையன் இல்ல சார், இருபத்தஞ்சு வயசு ஆளு. உட்காருங்க.”

இருவரில் மூத்தவர் வைரவன்தான். காதோரம் நரைத்துவிட்டது. படிக்கும்போது தங்கப் பதக்கம் வாங்கியவர். காரைக்குடியில் அவருடைய கைராசியை நம்பி, வேறு டாக்டரிடம் போகாமல் வலியோடு காத்திருப்பவர்கள் உண்டு.

ரெபேக்கா அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில், ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் மூளை வளர்ச்சியில் குறை உள்ளவர்களுக்கும் பல் பார்க்கிறார். ‘எங்களால் முடியாது’ என்று மற்ற டாக்டர்கள் திருப்பி அனுப்பிய வாய்கள் கடைசியில் அந்த அறைக்கு வந்துதான் திறந்தன. பல் டாக்டர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறார் என்று கேள்வி. என்ன பயிற்சி என்று கேட்டால், பயின்றவர்கள் சிரிப்பார்கள். சொல்ல மாட்டார்கள்.

வைரவன் வலது கை ஆட்காட்டி விரலை நீட்டினார். தையல் போட்ட தழும்பு.

“கடிச்சிட்டான். ஊசி உள்ள இருக்கு, வாயை மூடிக்கிட்டு எந்திரிச்சுட்டான். அவனுக்கும் ரத்தம், எனக்கும் ரத்தம். இப்ப என் கிளினிக் இருக்கிற தெருவுக்கே வரமாட்டேங்கிறான்.”

“அதுக்கு முன்னாடி?”

“அமைதியாத்தான் இருந்தான். தானா ஏறி உட்கார்ந்தான். தானா வாயைத் திறந்தான்.”

“நீங்க?”

“நான் என்ன, அன்பாத்தான் பேசிக்கிட்டிருந்தேன்.”

“என்ன பேசினீங்க?”

“எல்லாரும் பேசறதுதான்.”

ரெபேக்கா தலையாட்டினார்.

“நீங்க என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க டாக்டர்” என்றார் வைரவன். “எப்படித் திறக்க வச்சீங்க?”

“பார்க்கப் போறேன்னு சொன்னேன். பார்த்தேன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

எதையோ மறைக்கிறார் என்று வைரவன் நினைத்தார்.

*

சேதுவின் கீழ்க் கடைவாய்ப் பல்லில் பெரிய பள்ளம். சோறு அதில் போய் அடைக்கும்போதெல்லாம் அவன் தன் கன்னத்தில் தானே ஓங்கி அறைந்துகொள்வான். சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டான். கன்னம் எப்போதும் சிவந்திருந்தது.

அதோடு அவனுக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுது.

“மயக்கம் கொடுத்துப் பண்ண முடியாதுன்னு மயக்க டாக்டர் கைவிரிச்சுட்டார்” என்றார் ரெபேக்கா. “பல்லை அப்படியே விட்டா, கிருமி ரத்தத்துல கலந்து வால்வுக்குப் போகும். அப்புறம் பல் பிரச்சினை இல்ல, உயிர்ப் பிரச்சினை. முழிச்சிருக்கும்போதே, இந்தச் சேர்ல வச்சுத்தான் அடைக்கணும்.”

“நல்லவேளை, உங்ககிட்ட வந்துட்டான்.”

“நான் அடைக்கப் போறதில்ல சார். நீங்க.”

வைரவன் தழும்பைப் பார்த்தார்.

“உங்ககிட்டதானே திறக்கிறான்? நீங்களே அடைச்சிட்டா என்ன?”

“இந்த ஒரு பல்லை நான் அடைக்கலாம். மிச்சப் பல்லெல்லாம் காரைக்குடியிலதானே இருக்கும்?”

“மறுபடி தப்பாச்சுன்னா?”

“அப்புறம் எங்கிட்டயும் திறக்க மாட்டான்.”

வானிலை அறிக்கை வாசிப்பதுபோலச் சொன்னார்.

 “சரி, சொல்லிக் கொடுங்க. என்ன படிக்கணும்?” என்றார் வைரவன்.

ரெபேக்கா நோயாளியின் நாற்காலியில் ஏறிச் சாய்ந்தார். மார்புத் துண்டைத் தானே கட்டிக்கொண்டார்.

“என் பல்லைச் சுத்தம் பண்ணுங்க.”

*

வைரவனுக்குச் சிரிப்பு வந்தது. கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற வேலை. கையுறையை மாட்டிக்கொண்டு தொடங்கினார். அவருடைய கை அழகான கை. கருவி பல்லின் விளிம்பில் வழுக்கிக்கொண்டு போனது.

மேல் வரிசையில் இடப்பக்கம் தொடங்கி ஒரு கால்வாசி ஆகியிருக்கும்.

“அவ்வளவுதான் டாக்டர், முடிஞ்சுது” என்றார்.

ரெபேக்கா வாயை மூடினார். எழுந்தார். துண்டை அவிழ்த்து மடித்து வைத்தார். கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

நாற்காலியின் மேல் கருவி தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. வைரவன் அதை நிறுத்திவிட்டு நடைவழியில் ஓடிப் போய்ப் பிடித்தார்.

“டாக்டர், எங்க போறீங்க? இன்னும் முக்கால்வாசி இருக்கே!”

“முடிஞ்சுதுன்னு சொன்னீங்க.”

“அது... சும்மா சொல்றதுதானே?”

“அடுத்த வாரம் வாங்க சார்.”

*

அடுத்த வாரம் வந்தார். இந்த முறை அந்தச் சொல்லை நாக்கிலேயே கட்டி வைத்திருந்தார்.

“கூசவே கூசாது” என்றார்.

ரெபேக்கா எழுந்தார்.

“கூசுது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கடுத்த வாரம், “சும்மா பார்க்கத்தான் போறேன்” என்றார். சொல்லும்போது கருவியைப் பிடித்திருந்த கை தாடைக்குக் கீழே, நோயாளியின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. எல்லாப் பல் டாக்டர்களும் அங்கேதான் வைத்திருப்பார்கள்.

ரெபேக்கா முகத்தைத் திருப்பி எட்டிப் பார்த்தார்.

“கையில என்ன சார்?”

வைரவன் பதில் சொல்வதற்குள் துண்டு மடிக்கப்பட்டுவிட்டது.

அன்று, பல் அடைக்கும்வரை சேதுவுக்குக் கொடுக்கிற மருந்தை வாங்க வந்த மீனாள், ரெபேக்காவின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“தப்பா நினைக்காதீங்க டாக்டரம்மா. உங்களுக்கு இந்தப் பக்கம் பல்லு பளிச்சுன்னு இருக்கு. அந்தப் பக்கம் காப்பிக் கறையா இருக்கே?”

“டாக்டர் சார் பாக்கி வச்சிருக்காரும்மா.”

பக்கத்தில் நின்ற வைரவனுக்கு முகம் சிவந்தது. மீனாள் போனதும் பொரிந்து தள்ளினார்.

“நான் பொய் சொல்றேங்கிறீங்களா? நாலு வார்த்தை தைரியம் சொன்னா அது பொய்யா? பிரசவத்துலகூட ‘இந்தா, இன்னும் கொஞ்சம்தான்’னுதான் சொல்றாங்க. மொட்டை அடிக்கிறவன் குழந்தைகிட்ட ‘ஆச்சு, ஆச்சு’ன்னுதான் சொல்றான். ஊரே சொல்லுது!”

“நீங்க சொன்னப்ப எனக்குத் தைரியம் வந்துச்சுன்னு நினைக்கிறீங்களா?”

“உங்களுக்கு எதுக்குத் தைரியம்? உங்களுக்கென்ன பயமா?”

“அப்ப யாருக்குச் சொன்னீங்க?”

  

*

காரைக்குடிக்குத் திரும்பியதும் தன் கிளினிக்கில் தன் வாயையே கவனிக்கத் தொடங்கினார்.

பல் பிடுங்க வந்த மளிகைக்கடைக்காரரிடம், பல் அசைவதற்கு முன்பே ‘முடிஞ்சுது’ என்றார். கல்யாணத்துக்கு முன் பல் சீராக்க வந்த பெண்ணிடம் ‘முடிஞ்சுது, முடிஞ்சுது’ என்று இரட்டையாகச் சொன்னார். ஒருமுறை, ஆள் வந்து உட்காருவதற்கு முன்பே சொன்னார்.

யாரும் எழுந்து போகவில்லை. யாரும் நம்பவும் இல்லை. அவர் ‘முடிஞ்சுது’ என்றதும் எல்லோரும் நாற்காலியின் கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள்.

இத்தனை வருடமாக அவர் அதைப் பார்த்ததில்லை.

ஒரு மாலை சேது வேலை பார்க்கும் கடைக்குப் போனார். அவன் கண்ணில் படாமல் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

பிரித்துப் போட்ட கண்டாங்கிச் சேலைகளை மடித்து அடுக்குவது சேதுவின் வேலை. மூலையோடு மூலை சேர்த்து, உள்ளங்கையால் ஒருமுறை நீவி, கரை வெளியே தெரியும்படி மடிப்பான். ஒவ்வொன்றுக்கும் ‘மடிச்சாச்சு’ என்பான்.

“அவன் மடிச்சாச்சுன்னா மடிச்சாச்சு டாக்டர்” என்றார் முதலாளி, காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டு. “நான் திரும்பிக்கூடப் பார்க்கறதில்ல.”

ஒரு பெண் வெகுநேரமாகச் சேலை பார்த்துக்கொண்டிருந்தார். மலைபோலக் குவிந்துவிட்டது. “அந்த அரக்கை மட்டும் எடுங்க. இதான் கடைசி. இதோட போதும்” என்றார்.

அரக்குச் சேலையைக் காட்டினார்கள். பிடிக்கவில்லை.

சேது குவியலை மடிக்கத் தொடங்கினான். மடித்தான். அடுக்கினான். ஏணியில் ஏறி மேல் தட்டில் வைத்தான். திரைத் துணியையும் இழுத்துவிட்டான்.

“தம்பி, அந்தப் பச்சை ஒண்ணு இருந்துச்சே, அதை இன்னொரு தடவை காட்டுங்க.”

சேது அசையவில்லை.

“தம்பி!”

“கடைசி” என்றான் சேது. “போதும்.”

கடையே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டார். முதலாளி தானே ஏணியில் ஏறினார்.

தூணுக்குப் பின்னால் வைரவன் காபியைக் கையில் பிடித்தபடி நின்றார். கட்டைவிரல் தானாக ஆட்காட்டி விரலின் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தது.

*

அடுத்த முறை மதுரைக்குப் போனவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கையுறை மாட்டினார். விளக்கைத் திருப்பினார். கருவியை எடுத்தார். இந்த முறை பிசகே வராது என்று நினைத்துக்கொண்டார்.

கருவி பல்லைத் தொட்டதும் ரெபேக்கா எழுந்து உட்கார்ந்தார்.

“இப்ப என்ன? நான் எதுவுமே சொல்லலையே!”

“அதான் சார். என்ன வருதுன்னே தெரியல.”

வைரவன் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“பொய் சொல்லக் கூடாது. சும்மாவும் இருக்கக் கூடாது. பின்ன நான் என்னதான் சொல்றது?”

ரெபேக்கா கருவியை வாங்கினார். வைரவனின் கையுறையைக் கழற்றச் சொன்னார். அவர் கட்டைவிரல் நகத்தில் கருவியின் நுனியை வைத்து இயக்கினார்.

“என்ன பண்ணுது?”

“அதிருது. தண்ணி சில்லுனு படுது. ஈ பறக்கிற மாதிரி சத்தம்.”

“அதைச் சொல்லுங்க.”

“சொன்னா பயந்துட்டா?”

“கையைத் தூக்குவாங்க.”

“தூக்கினா?”

“நிறுத்துங்க.”

“நிறுத்தினா வேலை எப்ப முடியும்?”

“முடியும்போது முடியும்.”

அன்று வைரவன் ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுச் செய்தார். சில்லுனு இருக்கும். அதிரும். இந்த இடத்தில் கூசும். ரெபேக்கா இடையிடையே கையைத் தூக்கினார். அவர் நிறுத்தினார். மேல் வரிசை மட்டும் ஆயிற்று.

கீழ் வரிசைக்குப் போகுமுன் ரெபேக்கா எழுந்துகொண்டார். வைரவன் திடுக்கிட்டார்.

“எதுவும் தப்பில்ல சார்” என்றார் ரெபேக்கா. “அடுத்த வாரம் சேது வரான்.”

*

இதய டாக்டர் சொன்ன மாத்திரையைப் போட்டுக்கொண்டு சேது வந்தான். வாசலில் வைரவனைப் பார்த்ததும் நின்றுவிட்டான். கை கன்னத்துக்குப் போனது. அறைந்துகொண்டான். மீனாள் அந்தக் கையைப் பிடித்தார்.

“டாக்டர் மாமாதான்யா, ஒண்ணும் பண்ண மாட்டாங்க” என்றார்.

ரெபேக்கா சுவரோரம் நின்றார்.

வைரவன் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சொன்னார்:

“பண்ணுவேன் சேது. ஊசி போடுவேன். பல்லைக் குடைவேன். அடைப்பேன்.”

மீனாள் அவரை முறைத்தார்.

“அன்னிக்கு முடிஞ்சுதுன்னு சொன்னேன்” என்றார் வைரவன். “முடியல.”

சேது அவரைப் பார்க்கவில்லை. விளக்கைப் பார்த்தான்.

“முடியல” என்றான்.

“ஆமா. முடியல.”

 பிறகு சேது தானாகப் போய் நாற்காலியில் ஏறிப் படுத்தான்.

வைரவன் ஊசியை அவன் கண்முன்னே நீட்டிக் காட்டினார்.   

“ஊசி. குத்தும். வலிக்கும். அப்புறம் மரத்துப் போகும். வேண்டாம்னா கையைத் தூக்கு.”

வாய் திறந்தது. தழும்பு விழுந்த விரல் உள்ளே போனது. ஊசி குத்தியது. சேதுவின் கண்ணில் நீர் வந்தது. அவன் கை, தூங்கும் பிள்ளையின் கைபோல அசையாமல் கிடந்தது.

“குடையறேன். வலிக்காதுன்னு நினைக்கிறேன். அதிரும். சத்தம் வரும்.”

சத்தம் வந்தது. சேது கையைத் தூக்கினான். நிறுத்தினார். கை இறங்கியது. தொடங்கினார். மறுபடி தூக்கினான். மறுபடி நிறுத்தினார். நிறுத்துகிறாரா என்று சும்மா தூக்கிப் பார்க்கிறான் என்று வைரவனுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் நிறுத்தினார்.

நிறுத்தும்போதெல்லாம் சேது கேட்டான்:

“முடிஞ்சுதா?”

“இல்ல. இன்னும் இருக்கு.”

“முடிஞ்சுதா?”

“இன்னும் இருக்கு.”

பல்லின் ஆழத்துக்கு வந்தாயிற்று. கெட்டதெல்லாம் போய்விட்டது, ஒரு நூல் அளவு பாக்கி. அப்போது மகனின் நெற்றி வியர்ப்பதைக் கண்ட மீனாளுக்குப் பொறுக்கவில்லை.

“முடிஞ்சுதுய்யா! இந்தா முடிஞ்சுது, என் ராசா, முடிஞ்சுது!”

சேதுவின் தாடை மூடத் தொடங்கியது.

வைரவன் கருவியைச் சட்டென்று வெளியே எடுத்தார். பற்கள் அவர் விரலை உரசிக்கொண்டு மூடின. சேது எழுந்து உட்கார்ந்துவிட்டான். ஒரு கால் தரைக்கு வந்துவிட்டது.

சுவரோரம் ரெபேக்கா அசையவில்லை.

வைரவன் ஒரு பெருமூச்சு விட்டார். அன்பான ஒரு சொல் தொண்டை வரை வந்தது.

“இல்ல சேது” என்றார். “முடியல. அம்மாவுக்கு நீ படற கஷ்டம் தாங்கல. அதனால சொன்னாங்க. இன்னும் இருக்கு. மறுபடி அதிரும்.”

மீனாள் தன் வாயைத் தானே முந்தானையால் பொத்திக்கொண்டார்.

சேது அம்மாவைப் பார்த்தான். வைரவனைப் பார்த்தான். முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்தான். விளக்கைப் பார்த்தான்.

காலைத் தூக்கி மேலே வைத்தான். சாய்ந்தான்.

“இன்னும் இருக்கு” என்றான். வாயைத் திறந்தான்.

*

பல்லை அடைத்தார். இறுக வைத்தார். கடிக்கச் சொன்னார், சரியாக உட்கார்ந்திருந்தது.

“முடிஞ்சுது” என்றார்.

சொன்ன பிறகுதான் கண்ணில் பட்டது. அடைப்பின் ஓரத்தில் சிறிய சொரசொரப்பு. பழுதில்லை, ஆனால் தங்கப் பதக்கக் கை அதைச் சும்மா விட்டதில்லை. கருவி கையிலேயே இருந்தது. சேதுவின் வாயும் இன்னும் முழுதாக மூடவில்லை. ஒரு நொடி போதும்.

வைரவன் கருவியை அதன் கொக்கியிலேயே மாட்டிவிட்டார். விளக்கை அணைத்தார்.

சேது எழுந்தான். கொப்பளித்தான். துண்டை அவிழ்த்து, மூலையோடு மூலை சேர்த்து, உள்ளங்கையால் நீவி வைத்தான்.

“மடிச்சாச்சு.”

ரெபேக்கா வந்து அவனிடம் கேட்டுக்கொண்டு, கண்ணாடியால் பார்த்தார்.

“ஓரத்துல கொஞ்சம் சொரசொரப்பா இருக்கு சார்.”

“தெரியும் மேடம்.”

அவர் ‘மேடம்’ என்றது அன்றுதான்.

“ஒரு நொடி வேலைதானே?”

“சொல்லிட்டேன் மேடம்.”

சேது நாக்கால் அந்த ஓரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். கதவுவரை போனவன் நின்றான்.

“இன்னும் இருக்கு” என்றான்.

“ஆமா. காரைக்குடியில. அடுத்த தடவை.”

“அடுத்த தடவை” என்று சொல்லிவிட்டுச் சேது போனான். மீனாள் பின்னாலேயே போனார். முந்தானையை இன்னும் வாயிலிருந்து எடுக்கவில்லை.

அறை காலியாயிற்று. சேது மடித்து வைத்த துண்டை வைரவன் தொடாமல், வேறொன்றை எடுத்து வைத்தார்.

ரெபேக்கா நாற்காலியில் ஏறிச் சாய்ந்தார். கீழ் வரிசை அப்படியே காப்பிக் கறையோடு இருந்தது.

வைரவன் புதுக் கையுறையை மாட்டினார். கருவியை எடுத்து அவர் கண்ணுக்கு நேரே காட்டினார்.

“கூசும்” என்றார்.

ரெபேக்கா வாயைத் திறந்தார்.